பொட்டு வெச்ச மேப்பு

ஷீரடிக்கு வழிதானுங்க கேட்டீங்க? சொல்றேன். மொதல்ல உக்காருங்க. அந்தக் கயித்துக் கட்டில்லயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. கோயமுத்தூர் நம்பர் காரைப் பாத்ததுமே எனக்கு மனசு குளுந்து போச்சு. நாந்தேடு தாண்டி இந்தத் தாபாவுல தமிழ்ப் பேச்சுக் கேட்டு எத்தனை நாளாச்சுங்கறீங்க. வீட்டம்மா கார்லயே இருக்கறாங்களா? எறங்கி வரச் சொல்லுங்க, பயமில்லை. என்ற வீட்டுக்காரி பாவாயியும் இங்கதான் இருக்கறா. பின்னாடி போர் தண்ணியில குளிக்கப் போயிருக்கறா. தலைக்கு ஊத்திக்கிட்டு வர்றேன்னு போனா, அரை மணி நேரமாவது ஆகும்.

டீ சொல்லிட்டேன். சக்கரை கம்மியாவா? சரிங்க. கிளாஸை மட்டும் அந்தக் காகிதத்து மேல வெக்காதீங்க. பாவாயி பாத்தா சத்தம் போடுவா. எந்தக் காகிதமா இருந்தாலும் அது மேல கிளாஸ் வெக்கக் கூடாதுங்கறது அவ போட்ட சட்டம். எதுக்குன்னு நான் கேட்டதில்லை.

வழி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். வழி சொல்றதுங்கறது லேசுப்பட்ட விசயம் இல்லீங்க. இந்த வழி விசயத்துல என்ற குடும்பமே ரெண்டாப் போகப் பாத்தது. சங்ககிரிக்குப் பக்கம் எங்க ஊருக்குப் போயி, நாச்சிமுத்து எப்படிப்பட்ட ஆளுன்னு இன்னிக்குக் கேட்டாலும், அவனா, அவனுக்கு வடக்க ஒரு குடும்பம் இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. நாந்தானுங்க அந்த நாச்சிமுத்து. வடக்கயும் இல்லை, தெக்கயும் இல்லை. எனக்கு இருக்கறது ஒரே குடும்பம், அது இப்பக் குளிச்சுக்கிட்டிருக்குது.

லைன் லாரிதான் நமக்கு, வடக்க ஒரு தடவை போயித் திரும்பினா அது ஒரு லைன். ஜவ்வரிசி லோடு. இந்தப் பக்கத்துல விரதம் இருக்கறவங்க எல்லாம் ஜவ்வரிசியத்தான் திங்கறாங்க. இவிங்க பட்டினி கெடக்கறதுக்கு நான் சேலத்துல இருந்து பத்து டன்னு ஏத்திக்கிட்டு வர்றேன். ஒத்தை டிரைவர் வண்டி. இருபத்தி ரெண்டு வருசம் ஓட்டியிருக்கறேன். அந்த இருபத்தி ரெண்டு வருசத்துல ஒரு நாள் வழி தப்பினதில்லை.

எப்படின்னு கேளுங்க. ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. முன்னாடி போற வண்டியப் பாக்கறது. நம்ம ஊரு நம்பர் இருந்தாச் சரி, அது பின்னாடியே போறது. அவன் டீ குடிக்க நிறுத்தினா நம்மளும் நிறுத்தறது. அவன் டயரைத் தட்டிப் பாத்தா நம்மளும் தட்டிப் பாக்கறது. வடக்க நம்ம ஊரு வண்டிக்குப் பஞ்சமே கெடையாது. ஒருத்தன் பிரிஞ்சு போனா இன்னொருத்தன் கெடைப்பான். அப்படியே பம்பாய் போனேன், நாக்பூர் போனேன், ஒரு தடவை ராஞ்சி வரைக்கும் போயிட்டு வந்தேன். போகவே வேண்டியதில்லை ராஞ்சிக்கு. முன்னாடி போனவன் போனான்.

வழி கேட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. உங்களுக்குச் சரிங்க, நீங்க காரு. ஸ்டியரிங் புடிச்சுப் பொழைக்கறவன் எறங்கி வழி கேட்டா அப்புறம் அவனுக்கு என்ன மரியாதை இருக்குது? அதுவும் போக, கேட்டாத்தான் என்ன சொல்றாங்க? சீதா ஜாவ், நேராப் போ. இந்த நாட்டுல எவனும் திரும்பிப் போன்னு சொல்லி நான் கேட்டதில்லை. நேராப் போன்னு சொன்னாத்தான் நம்ம நேரா அவன் கண்ணுல இருந்து மறைவோம்னு நெனைக்கறாங்களோ என்னமோ.

இப்படி இருபத்தி ரெண்டு வருசம் நல்லாப் போயிக்கிட்டிருந்த பொழப்புல எங்க ஊரு டிரைவர் மாரப்பன் வந்து சேந்தான். அதோ, அந்த வேப்ப மரத்தடியில பச்சை வண்டி நிக்குது பாருங்க, உள்ள தூங்கறது அவந்தான். அவனைப் பத்தி அப்புறம் வர்றேன். மூணரை வருசத்துக்கு முன்னாடி, அகோலாவுக்கு லோடு. ஐதராபாத் தாண்டி மாரப்பன் வண்டியப் புடிச்சேன். அவனுக்கும் அகோலாதான். அவன் பின்னாடியே போனேன். ஒரு எடத்துல அவன் ஓரங்கட்டினான். நான் தாண்டிட்டேன். சரி வருவான்னு மெதுவாப் போனேன், வந்தான், தாண்டலை. நான் ஓரங்கட்டினேன். அவன் தாண்டிப் போயி மெதுவாப் போனான். இப்படியே அவன் முன்னால, நான் முன்னால, ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக்கிட்டே போறோம். ரோடு சின்னதாயிக்கிட்டே போகுது. ரெண்டு பக்கமும் கரும்பு. நான் நெனைக்கறேன், மாரப்பன் குறுக்கு வழி கண்டுபுடிச்சிருக்கறான்னு. அவன் நெனைக்கறான், நாச்சிமுத்து அண்ணன் அனுபவஸ்தரு, அவருக்குத் தெரியாத வழியான்னு.

ஒரு வளைவுல திரும்பினா முன்னாடி மாட்டு வண்டியும் டிராக்டருமா ஒரு மைலுக்கு நிக்குது. பின்னாடியும் வந்து நின்னுட்டாங்க. பின்னால எடுக்க முடியாது, முன்னால போக முடியாது. கரும்பு ஆலைங்க. எடை போடற வரிசை. ஜவ்வரிசி லோடோட நாங்க ரெண்டு பேரும் அந்த வரிசையில ஒரு பகலும் இன்னொரு பாதிப் பகலும் நகந்து, எடை மேடை மேல ஏறி நின்னோம். அந்த ஆபீசர் எடையும் போட்டுச் சீட்டும் குடுத்துட்டாரு. தார்ப்பாய் போத்தின கரும்பு எங்க வெளையுதுன்னு அவரு கேக்கலை, நாங்களும் சொல்லலை.

அதுக்கப்புறம் மாரப்பன் என்ன பண்ணினான்னா, ஊருக்கு வந்து ஸ்பிரிங் பட்டறையில உக்காந்துக்கிட்டு, நாச்சிமுத்துக்கு வழியே தெரியாதுன்னு பேச ஆரம்பிச்சுட்டான். அவனுக்குத் தெரியுமான்னு ஒருத்தனும் கேக்கலை. இந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போச்சுன்னா என்னை வண்டியில இருந்து எறக்கிடுவாரு. அம்பது வயசு ஆகப் போறவன் எறங்கி எங்க போறது? அடுத்த லைன்ல ஐதராபாத் வந்ததும் நேராப் போயி மேப்பு வாங்கினேன். பிளாட்பாரத்துல ஒரு பாயி ரோட்டு மேப்பு வெச்சிருந்தாரு. ரெண்டா எடுத்தாத்தான் வெலையக் கொறைப்பேன்னாரு. ரெண்டா எடுத்துட்டேன். ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு வீட்டுச் செவுத்துக்கு. நாலு பேரு வந்தாப் பாக்கட்டும், மேப்பு வெச்சு ஓட்டற டிரைவர் வீடுன்னு தெரியட்டும்.

மேப்புப் படிக்கறது யாரும் சொல்லிக் குடுத்து வர்றதில்லீங்க. நானாத்தான் கத்துக்கிட்டேன். இங்கிலீசு எழுத்து கூட்டி வாசிப்பேன், பஸ் போர்டு படிச்ச பழக்கம். முதல்ல எனக்குப் பட்டது என்னன்னா, சங்ககிரி கீழ இருக்குது, அகோலா மேல இருக்குது. அட, இத்தனை வருசமா மேட்டுல ஏறிக்கிட்டா இருந்தோம், அதுதான் டீசல் இப்படிக் குடிக்குதுன்னு புரிஞ்சு போச்சு. முதலாளிகிட்டயே போயிச் சொன்னேன், போறப்ப ஏத்தம், வர்றப்ப எறக்கம்னு. அவரு செவுத்துல இருந்த அவரு மேப்பை ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு, அப்ப வர்றப்பக் கொஞ்சம் கம்மியா ஊத்துன்னாரு. நல்ல மனுசன்.

சேப்புக் கோடு ரோடுன்னு கண்டுபுடிச்சேன். நீலக் கோடும் ரோடுதான், புதுசு போலன்னு ஒரு தடவை போயி கோதாவரிக் கரையில படிக்கட்டு வரைக்கும் எறக்கினேன், அது வேற கதை. மடிப்பு விழுந்த எடத்துல ஊரு ரெண்டு காணாமப் போயிடும். அங்க வந்தா கண்ணை மூடிக்கிட்டு வேகமாத் தாண்டிடணும்.

நம்ம கதை எங்க ஆரம்பிக்குதுன்னா, இதே நாந்தேடுலதான். இதே தாபாதான்னு வெச்சுக்குங்களேன். கட்டில்ல மேப்பை விரிச்சு, டீயக் குடிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். லோடுமேன் ஒருத்தன் கூப்பிட்டான்னு எந்திரிச்சுப் போயி வந்து, கிளாஸை எடுத்துட்டு மறுபடி பாத்தா, முதல்ல கண்ணுக்குப் படாத ஒரு ரோடு தெரியுது. இளம் காப்பிக் கலர்ல, வட்டமா, ரொம்ப அழகா, நாந்தேடுல ஆரம்பிச்சு பர்பணி, ஜால்னா, மெஹ்கர், வாசிம், இங்கோலின்னு சுத்தி வந்து நாந்தேடுலயே சேருது. ரிங் ரோடுங்க. ரிங் ரோடுன்னா எங்களுக்கு உசிரு. ஊருக்குள்ள போக வேண்டியதில்லை, போலீசு இல்லை, நெரிசல் இல்லை. இத்தனாம் பெரிய ரிங் ரோட்டை எப்பப் போட்டாங்க, எவனும் சொல்லலையேன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மாரப்பனுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சப்ப ஒரு சந்தோசம்.

புடிச்சேன் ரிங் ரோட்டை. சில எடத்துல மேப்புல ரோடு சோளக் காட்டுக்குள்ள போகும், தரையில ரோடு இருக்காது. அரசாங்கம் இன்னும் போட்டு முடிக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற ரோட்டுல போயிச் சேந்துக்குவேன். குத்தம் என்னன்னா, அகோலாவுக்கு எங்க எறங்கறதுன்னு அந்த ரோட்டுல போடலை. வாசிம்ல எறங்கணும்னு இப்பத் தெரியும். அன்னிக்கு அந்த வட்டத்துல ஒரு சந்து பொந்து இல்லை. சுத்திக்கிட்டே இருந்தேன். மூணு நாள், ஒரு சமயம் நாலு நாள். அப்புறம் எதாவது நம்ம ஊரு நம்பர் கெடைக்கும், அவன் பின்னாடி போயி அகோலாவுல லோடு எறக்குவேன். அடுத்த தடவை வந்தா மறுபடி ரிங் ரோடு. இப்படி நாலு லைன். இப்ப வர்ற புது மேப்புல அந்த ரோட்டையே காணோம். எவன் மூடினான்னு தெரியலை.

டீ ஆறுது, குடிங்க.

அந்தப் பக்கம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னா, பாவாயி பத்தாவது வரைக்கும் படிச்சவ. நான் தெனமும் சாயந்தரம் எந்த ஊர்ல இருக்கறனோ அங்கிருந்து பக்கத்து விசைத்தறிக்காரர் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். எந்த ஊருங்கன்னு கேப்பா. பர்பணின்னா, சரிங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டு வெச்சுடுவா. வெச்சுட்டுப் போயி, அன்னிக்கு நெத்தியில இருந்து எடுத்த ஸ்டிக்கர் பொட்டைச் செவுத்து மேப்புல பர்பணி மேல ஒட்டிடுவா. நான் எங்க இருக்கறேன்னு அவளுக்குக் கண்ணுல தெரியணுமாம். இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் ஏன் உண்மையான ஊரைச் சொல்லப் போறேன்?

நாலாவது லைன் முடிச்சு வீட்டுக்கு வந்தா, அவ அண்ணன் குழந்தைவேலு வந்து உக்காந்திருக்கறாரு. மேப்பைச் செவுத்துல இருந்து எறக்கித் தரையில விரிச்சு, நாலு மூலைக்கும் நாலு தேங்கா வெச்சிருக்கறாங்க. சங்ககிரியில இருந்து நாந்தேடு வரைக்கும் பொட்டு வரிசையா, கோடு புடிச்ச மாதிரி வருது. நாந்தேடுல இருந்து வட்டம். சேப்பு, பச்சை, கறுப்பு, கல்லு வெச்சது, நாலு லைன் பொட்டும் ஒண்ணு மேல ஒண்ணா அதே வட்டத்துல. பாக்க அம்மன் கழுத்து ஆரமாட்டம் இருந்துச்சு.

மச்சான் வெரலை அந்த வட்டத்துக்கு நடுவுல வெச்சாரு. "மாப்பிள்ளை, இந்த நடுவுல யாரு இருக்கறாங்க?"

எனக்கு ரெண்டே பதில்தான் இருந்துச்சு. வழி தெரியாம சுத்தினேன்னு சொல்லலாம். சொன்னா, மச்சான் வாயில நிக்காது, பொழுது விடிஞ்சா ஸ்பிரிங் பட்டறை, பாடி கட்டற எடம், லாரி ஆபீசுன்னு எல்லாப் பக்கமும் சிரிப்பாங்க. மாரப்பன் சொன்னது உண்மைன்னு ஆகிப் போயிடும். முதலாளி சாவிய வாங்கிடுவாரு. இல்லைன்னா, பொம்பளைன்னு சொல்லலாம். பொம்பளைன்னா நாலு நாள் கத்துவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. எங்க ஊர்லயே அப்படி மூணு பேரு இருக்கறாங்க, கோயில் கமிட்டியில எல்லாம் இருக்கறாங்க. நான் யோசிச்சுப் பாத்துட்டு, பொம்பளைதானுங்க மச்சான்னு சொல்லிட்டேன்.

பாவாயி அழலை. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அவ பேரு என்னங்க?"

பேரை நான் யோசிச்சு வெக்கலை. வாயில வந்தது அதுதான். அகோலாபாயின்னேன்.

அவ எந்திரிச்சுப் போயி அடுப்புல பொங்க இருந்த பாலை எறக்கி வெச்சா. அப்புறம் ரெண்டு நாள், சோறு போட்டா, தண்ணி வெச்சா, போயி அந்த மேப்பு முன்னாடி உக்காந்துக்கிட்டா. நான் வாசத் திண்ணையிலயே படுத்துக்கிட்டேங்க. பொய் சொல்லக் கூடாது, பண்ணினது தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. இருந்தாலும் இன்னொரு பக்கம், வழி தெரியாதவன்னு ஒருத்தரும் சொல்லலைங்கற நிம்மதியும் இருந்துச்சு. மூணாவது நாள் அவ சொன்னா, நான் அந்தம்மாவைப் பாக்கணும்னு.

ஐப்பசி மாசம். லோடு ஏத்தி, வண்டியில மூணு பேரா ஏறினோம். மச்சான் எனக்குப் பின்னாடி படுக்கையில. அவருக்கு லாரி ஒத்துக்கலை, கிருஷ்ணகிரியில ஆரம்பிச்சு வாந்தி. பாவாயி எம்பக்கத்துல மடியில அவளோட பொட்டு மேப்பை விரிச்சுக்கிட்டு. நான் முன்னாடி நம்ம ஊரு வண்டி எதாவது போகுதான்னு தேடிக்கிட்டே ஓட்டறேன். அவ தேடவே இல்லை. இடது பக்கமுங்க, அடுத்த பாலம் தாண்டி வலது பக்கமுங்க, அவ்வளவுதான். ஒரு ஊர்லயும் நின்னு முழிக்கலை. மூணே நாள்ல நாந்தேடு. எனக்கே கொஞ்சம் பயமாப் போச்சு, இவ்வளவு பக்கத்துலயா இருக்குதுன்னு.

நாந்தேடுல ரிங் ரோட்டைப் புடிக்கப் போனேன். அது எதுக்குங்க, நடுவுலதான போகணும்னா பாவாயி. பர்பணி தாண்டி ஜிந்தூர் தாண்டி, மெல்லிசான ரெண்டு ரோடு ஒண்ணை ஒண்ணு வெட்டற எடத்துல நிறுத்தச் சொன்னா. மேப்புல அந்த எடத்துக்குப் பேரே இல்லை. பூட்டிக் கெடந்த ஒரு எடை மேடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு மரம். மரத்தடியில கூடை நெறையா சீத்தாப்பழம் வெச்சுக்கிட்டு ஒரு அம்மா. வயசு அறுபத்தஞ்சு இருக்கும். சேலையக் கச்சம் கட்டி, வாயில பல்லு மேல நாலு கீழ மூணு. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வேற பொம்பளை இல்லை.

மச்சான் அந்தம்மாவைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மறுபடி அந்தம்மாவைப் பாத்தாரு. "இதா?"

"வயசு அவ்வளவு இருக்காதுங்க மச்சான்"னேன். வேற என்ன சொல்றது?

பாவாயி அப்ப என்ன பண்ணினான்னு நெனைக்கறீங்க? எறங்கறதுக்கு முன்னாடி, உங்க மேப்பைக் குடுங்கன்னா. அதுவரைக்கும் அவ என் மேப்பைத் தொட்டதில்லை. இஞ்சின் பெட்டி மேல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சா. அவளோட பொட்டு வட்டத்தைப் பாத்தா. என்னோட ரிங் ரோட்டைப் பாத்தா. ஒவ்வொரு ஊரா வெரல் வெச்சு வந்தா. அப்புறம் குனிஞ்சு என் மேப்பை மோந்து பாத்தாங்க. ரோட்டை எதுக்கு மோந்து பாக்கறான்னு எனக்கு வெளங்கலை. அப்புறம் தாபாவுல இருந்து நான் எடுத்துட்டு வந்து வண்டியில வெச்சிருந்த டீ கிளாஸை எடுத்து ரோட்டு மேல கவுக்காம வெச்சா. கச்சிதமா உக்காந்துச்சு. எடுத்தா. மறுபடி வெச்சா. அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோள் ரெண்டும் குலுங்குது.

அழறா. எனக்குத் தாங்கலீங்க. இருபத்தி மூணு வருசம் எங்கூடக் குடித்தனம் பண்ணி இப்படி அவளை அழ வெச்சுட்டேனேன்னு நானும் ஸ்டியரிங் மேல தலைய வெச்சு அழுதேன். மச்சானும் பின்னாடி இருந்து அழுதாரு, அவருக்கு ஏற்கனவே ஒடம்பு சரியில்லை. அவ முந்தானைய வாயில வெச்சு அடைச்சுக்கிட்டா. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு எவ்வளவு கட்டுப்படுத்தினா தெரியுமுங்களா.

அப்புறம் முகத்தைத் தொடச்சுக்கிட்டு அவ மட்டும் எறங்கிப் போனா. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மராட்டி தெரியாது. அரை மணி நேரம் பேசினாங்க. கையக் காட்டறா, வண்டியக் காட்டறா, என்னைக் காட்டறா. அந்தம்மா கெக்கேபிக்கேன்னு சிரிச்சு, இவ கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுச்சு. முந்தானை நெறையா சீத்தாப்பழத்தோட திரும்பி வந்து, மச்சான்கிட்டச் சொன்னா: "பேசி முடிச்சுட்டேன் அண்ணா. இனிமே அந்தம்மா தொந்தரவு இருக்காது. இவரையும் தனியா விட முடியாது. இனி ஒவ்வொரு லைனுக்கும் நானே கூடப் போறேன்."

மச்சான் அந்தப் பழத்துல ஒண்ணைக் கூடத் தொடலை. ரோசக்காரரு.

அவரு கை கால் கழுவப் போனப்ப, அவ எம்பக்கத்துல வந்து நின்னா. மெதுவாத்தான் பேசினா. "எனக்கு வழி தெரியலை பாவாயின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் உக்காந்து மேப்புப் பாக்கக் கத்துக் குடுத்துட்டு, எங்கண்ணன் கூடவே பஸ் ஏறிடறேன்."

வழி தெரியாமென்ன, ரோட்டைத்தான் அடிக்கடி மாத்தறாங்கன்னு சொன்னேன். "சரி, அப்ப நீங்க கத்துக்கற வரைக்கும் வர்றேன்"னுட்டு ஏறி உக்காந்தா.

மூணு வருசம் ஆச்சுங்க. மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, இருந்த எருமையும் வித்தாச்சு, வீட்டைப் பூட்டிட்டு வந்துடறா. ஊர்ல பொம்பளைங்க எல்லாம் பாவாயியக் கும்பிடாத குறைதான், வடக்கத்திக்காரிகிட்ட இருந்து புருசனை மீட்டுட்டு வந்து காவல் காக்கறாளேன்னு. நான் தெருவுல போனா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும், அந்தப் பக்கம் போறதில்லையேன்னு கேப்பாரு. நான் தலையக் குனிஞ்சுக்குவேன். எவ்வளவு கெட்ட பேரை நான் சுமக்கறேன் பாருங்க. பாவாயிக்கு இது சிரிப்பாத்தான் இருக்குது.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இருபத்தி மூணு வருசம் குடித்தனம்னு பேரு, மாசத்துக்கு நாலு நாள் வீட்டுல இருந்திருப்பேன், அதுல ரெண்டு நாள் தூங்கியிருப்பேன். அவ எப்படிப்பட்டவன்னு எனக்கு இந்த வண்டியிலதான் தெரியும். பாலம் வந்துச்சுன்னா ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வெச்சுக்குவா, தாண்டினப்புறம்தான் எறக்குவா. எதுக்குன்னா, பாலத்துக்குப் பாரம் வேண்டாமாம். பத்து டன்னு ஜவ்வரிசி இருக்குது பின்னாடி. எதுக்க வர்ற வண்டி பேரை எல்லாம் படிப்பா. புளிச்ச மோர் கெடைக்கற தாபா எதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறா. அவ இல்லாம இந்த வண்டியில இத்தனை வருசம் எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியலீங்க.

அதனாலதான் சொல்றேன், இது உங்களோட இருக்கட்டும். நான் மேப்புப் படிக்கக் கத்துக்கிட்டேன். கத்துக்கணும்னு கத்துக்கலை, பக்கத்துல உக்காந்து பாத்தா வராமப் போகுமா? தடிச்ச கோடு எது, மெல்லிசு எது, ரெண்டு அம்புக்கு நடுவுல இருக்கற நம்பர் தூரம், நம்ம எந்தப் பக்கம் போறமோ மேப்பையும் அந்தப் பக்கம் திருப்பிக்கணும், எல்லாம் தெரியும். ஒண்ணே முக்கால் வருசமாத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா எறங்கிப் போயிடுவால்ல? வாக்குக் குடுத்தவ. அதனால எதாவது முக்கு வந்தா நான் முழிக்கற மாதிரி முழிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் பாவாயின்னு கேப்பேன்.

பாவம், வெகுளிங்க அவ. போன மாசம் மேப்பைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு, இடது பக்கம்னா. வலது பக்கம்னு எனக்கு நல்லாத் தெரியும். வலது பக்கம் திருப்பினா நான் கத்துக்கிட்டது தெரிஞ்சு போயிடும். இடது பக்கமே திருப்பினேன். நாப்பது கிலோமீட்டரு. பின்னாடியே மாரப்பனும் வந்தான். இப்பெல்லாம் அவன் என் வண்டியத்தான் புடிச்சுக்கிட்டு வர்றான், இந்த லைன்ல வழி தெரிஞ்ச டிரைவர் நாச்சிமுத்து அண்ணன்தான்னு பட்டறையில அவனே சொல்றான். நாப்பது கிலோமீட்டரும் பாவாயி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தா. அப்புறம், அடடா, தப்புங்களேன்னா. நாப்பது கிலோமீட்டர் திரும்பி வந்தோம், சீத்தாப்பழம் தின்னுக்கிட்டே. மாசத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப் பண்ணிடறா. கண்ணு மங்குது போல, ஊருக்குப் போனா டாக்டர்கிட்டக் காட்டணும்.

என்னங்க, மணியப் பாக்கறீங்க? வழிதான, இதோ. கிட்ட வாங்க, அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இப்படியே போனா முக்கு வரும், வலது பக்கம் அகோலா, அது எங்களுக்கு. நீங்க இடது பக்கம் எடுங்க. பஸ்மத், பர்பணி, ஜிந்தூர். ஜிந்தூர் தாண்டி ஒரு வெட்டு ரோடு வரும், எடை மேடை பூட்டிக் கெடக்கும், மரத்தடியில ஒரு அம்மா சீத்தாப்பழம் விக்கும். எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச அகோலாபாயி அதுதான். ரெண்டு கிலோ வாங்குங்க, நல்லாக் குடுக்கும். அப்புறம் மண்டா, ஜால்னா, அவுரங்காபாத். ஊருக்குள்ள போகாம வைஜாப்பூர் ரோட்டைப் புடிங்க. கோதாவரியத் தாண்டினீங்கன்னா ஷீரடி வந்த மாதிரிதான். மொத்தம் முந்நூத்தி எண்பது கிலோமீட்டர் இருக்கும், பொழுதோட போயிடலாம்.

அதோ வர்றா பாருங்க. ஈரத் தலையில துண்டு, கக்கத்துல மேப்பு. குளிக்கப் போனாலும் அதை எங்கிட்ட விட்டுட்டுப் போக மாட்டா. நனைஞ்சுடும்னு சொன்னாக் கேக்க மாட்டா.

உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எந்திரிச்சுப் போயி அவகிட்ட முதல்ல இருந்து கேளுங்க. எங்கிட்டக் கேட்டதாவும் சொல்லுங்க, பரவாயில்லை. அவரு நேராப் போகச் சொன்னாருன்னு மட்டும் சொல்லிடுங்க.